பன்னிரண்டு ரவிக்கையும் ஒரு ஆப்பும்

சகோதரிகளே, போன இதழில் மாங்காய் வற்றல் போடும் பக்குவம் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்கணும், அது அடுத்த இதழுக்குப் போகட்டும். நடுவில் வேறு ஒரு விஷயம் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது.

வாசலில் என்றால் நிஜமாகவே வாசலில்தான். எங்கள் மணவூரில் சாயங்காலம் அரக்கோணம் லோக்கல் வந்து போனபிறகு தெருவில் கொஞ்சம் ஆள் நடமாட்டம் இருக்கும். அப்புறம் அடங்கிவிடும். அந்த அடங்கின நேரத்தில் எதிர் வீட்டுத் தையல்காரப் பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். கையில் போன்.

"டீச்சரம்மா, ஒரு ஆப் இருக்குது. குரூப் ஃபோர் பரீட்சைக்கு. வருஷத்துக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. வாங்கலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க. நீங்க வேணாம்னா விட்டுடறேன்."

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நான் ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கரும்பலகை தெரியும், சாக்பீஸ் தெரியும். ஆப்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனால் அவள் ஏன் இவ்வளவு பயந்துகொண்டு கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்கு ஒரு பிள்ளையாண்டான் வந்தான். டை கட்டியிருந்தான். ஏழாவது படிக்கும் அவள் மகனை உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டான். நாலும் ஒன்பதாவது பாடக் கேள்வி! பையன் முழித்தான். "பார்த்தீங்களாம்மா, உங்க பையன் எவ்வளவு பின்தங்கியிருக்கான்" என்றான். பெற்றவள் மனசு எப்படியிருக்கும்? அன்றைக்கு ராத்திரியே புருஷன் பேரில் கையெழுத்து ஆகிவிட்டது. ஒரு டேப்லட், அதில் பாடம். மாசம் 2,400 ரூபாய், இருபத்துநாலு மாசம். கம்பெனியின் பெயர் உங்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், சின்னக் கம்பெனிதான். பெயர் இங்கே வேண்டாம்.

பையன் இருபது நாள் பார்த்தான். அப்புறம் பார்க்கவில்லை. பாடமெல்லாம் கடகடவென்று இங்கிலீஷில். அவன் படிப்பதோ தமிழ் மீடியம். "திருப்பி எடுத்துக்கோங்க" என்று போன் செய்தால், அது தவணை இல்லையாம், ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடனாம்! பாடம் படித்தாலும் படிக்காவிட்டாலும் கடன் கடன்தானே. 57,600 ரூபாய் கட்டி முடித்தாள். லைனிங் இல்லாத ரவிக்கைக்கு அவள் அப்போது வாங்கின தையல்கூலி 200. மாசம் பன்னிரண்டு ரவிக்கை அந்தத் தவணைக்கே போயிற்று. டேப்லட் இப்போது அரிசி டப்பா மேல் இருக்கிறது. மூடி சரியாக உட்காராது, அதற்கு பாரமாக.

இப்படி ஒருமுறை சூடு கண்டவள், இரண்டாம் முறை கேட்கிறாள். இந்தத் தடவை பிள்ளைக்கு இல்லை, தனக்கு. பன்னிரண்டாவது பாஸ் செய்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். "ஒரு வாரம் டயம் கொடும்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

விசாரித்ததில் முதலில் எனக்குப் புரிந்தது இதுதான். காசு வாங்கும் ஆப் ஒன்று "ஜெயித்தது" என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கம்பெனி ஜெயிப்பது ஒன்று. வாங்கினவர் படித்து ஜெயிப்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றேதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பைஜூஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்துக் கண்ணூர்ப் பக்கத்துக்காரர் பைஜு ரவீந்திரன், நன்றாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகத்தான் பெயர் எடுத்தார். 2011-ல் கம்பெனி, 2015-ல் ஆப். 2019-ல் இந்திய கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் சட்டையிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. கோவிட் சமயத்தில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது சொல்லவே வேண்டாம். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். ஆனால் அதே 2022 கடைசியில், பெற்றோரை வற்புறுத்தி விற்கிறார்கள் என்ற புகார் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் வரை போயிற்று. 2024 ஜூலையில் திவால் வழக்கு விசாரணைக்கு எடுக்கப்பட்டது. பாடம் மோசம் என்று சொன்னவர்கள் அதிகமில்லை, படம் போட்டு விளக்குவது அழகாகவே இருக்கும் என்று என் மருமகள் சொல்கிறாள். கம்பெனிகளை வாங்கிக் குவித்ததும், விற்பனையும், கடனும் பாடத்தைவிட வேகமாக ஓடிவிட்டன. இவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்த கதி. "பெரிய கம்பெனிதானேம்மா, ஏமாத்துவாங்களா" என்கிற பேச்சுக்கு அர்த்தமில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அலகாபாத்தைச் சேர்ந்த அலக் பாண்டே என்கிற இளைஞர் யூடியூபில் பௌதிகப் பாடம் சும்மாவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், வருஷக்கணக்காக. பிள்ளைகளுக்கு அவர் முகம் பழகிப்போயிற்று. 2020-ல்தான் 'பிசிக்ஸ் வாலா' என்று ஆப் போட்டுக் கட்டணம் வைத்தார். அதுவும் மற்ற கோச்சிங் சென்டர்கள் லட்சத்தில் கேட்டபோது இவர் ஆயிரங்களில் வைத்தார். கதவைத் தட்டி விற்க ஆள் தேவைப்படவில்லை. 2022-ல் அதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. 2025 நவம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. நம்ம ஊர்ச் சந்தையில் மாம்பழக்காரி ஒரு கீற்று நறுக்கிக் கையில் கொடுப்பாளே, அந்த மாதிரிதான். ருசி பார்த்தவள் வாங்குவாள்.

பாஷை விஷயமும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2014-ல் வளர்ந்த 'கூவி' என்ற நிறுவனம், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தே ஆரம்பித்தது. இன்ஜினீயரிங் படித்த பிள்ளைகளே "இப்பத்தான் புரியுது" என்று சொல்லும்படி ஆயிற்று. பிற்பாடு தெலுங்கு, இந்தி என்று போனார்கள். 2022-ல் எச்.சி.எல். குழுமம் அதில் பெரும்பங்கை வாங்கியது. எங்கள் பக்கத்தில் பாஷையின் அருமை நன்றாகவே தெரியும். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதிதான் ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தது. என் மாமியார் திருத்தணிக்காரர், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கில். தமிழில் என்னைத் திட்டுவார், கணக்கு மட்டும் தெலுங்கில்தான் போடுவார். 'ஒகட்டி, ரெண்டு' என்று விரல் மடக்கினால்தான் அவருக்குக் கூட்டல் வரும். எந்த பாஷையில் மனசு கணக்குப் போடுகிறதோ அந்த பாஷையில் பாடம் இல்லாவிட்டால், டேப்லட் அரிசி டப்பா மேல்தான்.

சரி, காசு கொடுத்தால் படிப்பு ஏறுமா? இதற்கு ஒரு கணக்கு கிடைத்தது. அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012-ல் 'எட்எக்ஸ்' என்று கம்ப்யூட்டர் வழிப் பாடம் தொடங்கினார்கள். பாடம் பார்க்கக் காசு இல்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் தெரியுமா? நூற்றுக்கு மூன்று சொச்சம்! ஆனால் சான்றிதழுக்கென்று பணம் கட்டியவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 46 பேர் முடித்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் "பார்த்தாயா, காசு கட்டினால் படிப்பு வரும்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் யோசித்தால் வேறொன்றும் தெரிகிறது. முடித்தே தீரவேண்டும் என்று இருப்பவர்தானே பணமே கட்டுகிறார்? ஆகவே காசு பாதி, உறுதி பாதி. தவிர, பணம் கட்டியும் பாதிப் பேருக்கு மேல் நடுவழியில் நின்றுவிட்டார்களே, அதையும் மறக்கக்கூடாது. நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் பாடங்களிலும் இந்த யுக்தி உண்டு. பாடம் இலவசம், பரீட்சை எழுதத்தான் கட்டணம். பரீட்சை என்று ஒரு தேதி எதிரே நின்றால் மனுஷ மனசு கொஞ்சம் வேலை செய்யும்.

இதைக் கேட்டபோது எனக்கு அரக்கோணத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஞாபகம் வந்துவிட்டது. 1978-ல் நான் அங்கே லோயர் படித்தேன். மாசச் சம்பளம் முதல் தேதியே கட்டவேண்டும். காலை ஏழிலிருந்து எட்டு வரை எனக்கென்று ஒரு மெஷின். ஏழே கால் ஆனால் மாஸ்டர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அதுவே போதும். எட்டு மணிக்கு அந்த மெஷினுக்கு அடுத்த பெண் வந்து நிற்பாள், அதனால் நேரம் நீட்டவும் முடியாது. சர்க்கார் பரீட்சைத் தேதி சுவரில் ஒட்டியிருக்கும். ஏ எஸ் டி எஃப் அடிப்பது ஒன்றும் இன்பமான காரியமில்லை. ஆனால் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம், ஒன்பது பேர் பாஸ் செய்தோம். பாடம் என்னவோ ஒரு சின்னப் புத்தகம்தான். அதைக் கடையில் தனியாகவே வாங்கலாம். நாங்கள் காசு கொடுத்தது அந்தப் புத்தகத்துக்கு இல்லை. குறிப்பிட்ட மணிக்கும், மாஸ்டரின் கடிகாரத்துக்கும், அந்தத் தேதிக்கும்தான்.

இந்த வெளிச்சத்தில் தையல்காரப் பெண் காட்டிய ஆப்பைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு சாயங்காலம் பார்த்தேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் நம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்தான். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை தமிழ், வரலாறு, அறிவியல். அத்தனையும் சர்க்காரே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கென்று 2019-ல் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சியும், 2023-ல் வந்த மணற்கேணி என்ற சர்க்கார் ஆப்பும் காசே கேட்பதில்லை. அப்படியிருக்க 2,999 எதற்கு?

அவளையே கேட்டேன். "புஸ்தகம் இருக்குதும்மா. எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலியே. இதுல இன்னிக்கு இது, நாளைக்கு அதுன்னு போட்டுக்கினு வராங்க. ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டு வைக்கிறாங்க. நம்மள யாரோ கேக்கறாங்கன்னு இருக்குது" என்றாள்.

நான் இரண்டு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடியதை அவள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். வரிசை, கேள்வி, தேதி. டைப்ரைட்டிங் மாஸ்டர்!

தினமும் வரவைப்பது ஒரு கலை. அதில் கெட்டிக்காரர்கள் டுவோலிங்கோ என்கிற அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள். கௌதமாலா நாட்டிலிருந்து போன லூயிஸ் வான் ஆன் என்பவரும் அவர் மாணவரும் சேர்ந்து ஆரம்பித்தது, 2012-லிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பாடம் ஐந்து நிமிஷம். எத்தனை நாள் விடாமல் வந்தீர்கள் என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் விட்டால் பூஜ்யம். பச்சை ஆந்தை ஒன்று வந்து ஞாபகப்படுத்தும். 2024 கடைசியில் மாசத்துக்கு 11 கோடிக்கு மேற்பட்டவர்கள் உபயோகித்தார்கள், அதில் காசு கட்டியவர்கள் 95 லட்சம்தான். பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஒருவர் கொடுப்பதில்தான் மற்ற ஒன்பது பேரும் சும்மா படிக்கிறார்கள், இல்லாவிட்டால் விளம்பரம் பார்க்கிறார்கள்.

திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவுக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். அந்தக் கணக்கும் இதே மாதிரிதான், நாளுக்கு ஒன்று. ஆனால் ஒரு வித்தியாசம். படி ஏறினவன் மலைமேல் இருப்பான். ஆப்பில் எண் ஏறினால் நாம் எங்கேயும் ஏறியிருப்போம் என்று சொல்லமுடியாது. காலேஜில் படிக்கும் என் பேரன் ஏதோ ஒரு ஆப்பில் இருநூறு நாள் விடாமல் ஜப்பான் பாஷை படித்தானாம். "ஒரு டம்ளர் தண்ணி கொடுங்கன்னு ஜப்பான்ல சொல்லுடா" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "பாட்டி, பூனை மேஜை மேல இருக்குன்னு வேணா சொல்றேன்" என்றான்!

மெய்யாகப் படிப்பு ஏறுகிறதா என்று அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளியவள் அல்லவா! பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் செய்தது, 2019-ல் வெளியாயிற்று. டில்லியில் ஏழை எளியவர் வசிக்கும் பகுதிகளில் பள்ளி விட்டபிறகு 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கம்ப்யூட்டர் பாட மையங்கள் இருந்தன. 619 பிள்ளைகளை எடுத்து, குலுக்கல் போட்டுச் சிலருக்கு இடம் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல், நாலரை மாசம் கழித்து இரு சாராருக்கும் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். மையத்துக்கு வந்த பிள்ளைகள் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறியிருந்தார்கள்.

ஏன் என்பதுதான் முக்கியம். அங்கே ஆறாவது படிக்கும் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தது. பள்ளியில் ஆறாவது பாடம் நடக்கிறது, பிள்ளைக்குத் தெரிந்ததோ மூணாவது, நாலாவது பாடம். வருஷம் முழுக்க உட்கார்ந்தாலும் தலையில் இறங்காது. அந்தக் கம்ப்யூட்டர் முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல்! ஆறாவது படிக்கிற பையன் கழித்தல் கணக்குப் போட வெட்கப்பட வேண்டியதில்லை. அத்தோடு விடவில்லை. தினம் ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் மணிதான் கம்ப்யூட்டர். மீதி முக்கால் மணி, பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு உதவி ஆசிரியர் நேரில். 'இன்றைக்கு வந்தாயா, என்ன படித்தாய்' என்று கேட்க ஆள் இருந்தது.

எதிர் வீட்டுக்கு வந்த டை கட்டின பிள்ளையாண்டானை நினைத்துக்கொண்டேன். ஏழாவது பையனிடம் ஒன்பதாவது கேள்வியைக் கேட்டான். பையன் நிற்கும் இடத்தைப் பார்க்க அவன் வரவில்லை, தாயாரின் பயம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வந்தான். நானும் 2021-ல் ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்வியில் ஒரு வருஷம் தன்னார்வலராகச் சாயங்காலம் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது படித்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. கோவிடில் இரண்டு வருஷம் போய்விட்டதே. 'அ'விலிருந்து ஆரம்பித்தபோதுதான் அது நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆகவே ஒரு வாரம் கழித்து எதிர் வீட்டுக்குப் போய் என் தீர்ப்பைச் சொன்னேன். "வாங்கலாம். ஆனா இன்னிக்கு இல்லே."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். இலவசமாகக் கொடுக்கும் பாடங்களைப் பதினைந்து நாள் பார். எந்த நேரத்தில் பார்ப்பாய் என்று முதலில் முடிவு செய். பதினைந்தில் பத்து நாளாவது உட்கார்ந்தால் காசு கட்டு. உட்காரவில்லை என்றால் 2,999 கட்டினாலும் உட்காரமாட்டாய். 'இன்று இரவு பன்னிரண்டு மணியோடு தள்ளுபடி முடிகிறது' என்று வரும் சேதியைப் பார்த்துப் பதறாதே, அது நாளைக்கும் வரும். (வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.)

வருஷச் சந்தா வேண்டாம், மூணு மாசத்துக்கு 899 என்று போட்டிருந்ததே, அதைக் கட்டச் சொன்னேன். "நாலு தடவை கட்டினா 3,596 ஆவுதே டீச்சரம்மா, அறுநூறு ரூபா ஜாஸ்தி" என்று டக்கென்று சொன்னாள். தையல்காரி அல்லவா, துணியிலும் காசிலும் ஏமாறமாட்டாள். நிஜம்தான். ஆனால் மூணு மாசத்தில் பிடிக்காமல் விட்டால் நஷ்டம் 899-தான். அந்த அறுநூறு ஜாஸ்தியை இன்ஷூரன்ஸ் என்று வைத்துக்கொள் என்றேன்.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியதை உங்களுக்கும் சொல்கிறேன், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை விட்டது. தானாகப் பணம் கழிகிற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள், கட்டின காசுக்கு ரசீது வாங்குங்கள் என்று. மாசாமாசம் தானாகக் கழியும் சந்தாவுக்கு ஒரு நாள் முன்பே உங்களுக்குச் சேதி வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2021 அக்டோபர் முதல் அமலில் இருக்கிறது. அந்தச் சேதியைப் படிக்காமல் தள்ளிவிடுகிறோம், அதுதான் தப்பு. 'தவணை' என்று யாராவது சொன்னால், "யார் கொடுக்கிற கடன்? பாதியில் நிறுத்தினா மீதி கட்டணுமா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். வாயால் சொன்னது காற்றோடு. வீட்டுக்கு வந்து விற்பவர் எவராயிருந்தாலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்காரர் வரட்டும், பேசிச் சொல்றேன்" என்பது நம் கையில் இருக்கும் பழைய ஆயுதம். வீட்டுக்காரர் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தாலும் சொல்லலாம்!

பதினைந்து நாள் சோதனை நடந்தது. முதல் நாலு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்த்தாள். கண் எரிச்சல், தலைவலி. பகல் முழுக்க ஊசிக்காதைப் பார்க்கிற கண் ஆயிற்றே. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் போனைப் பார்க்காதே, கையை நீட்டிப் பிடித்துப் பார், இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் தெருக்கோடியைப் பார் என்று சொன்னேன். அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மெஷின் ஓடும்போது பாடம் கேட்காது. ஆனால் ஹெம்மிங் பண்ணும்போதும் கொக்கி வைக்கும்போதும் சத்தம் இல்லையே! மத்தியானம் மூணிலிருந்து நாலு வரை கைத்தையல் வேலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, போனைத் தகர டப்பா மேல் சாய்த்து, வரலாற்றுப் பாடம் கேட்கிறாள். கேள்வித்தாளுக்கு மட்டும் விடிகாலை அரை மணி. வைஃபை எல்லாம் இல்லை, டேட்டா போதாது. முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி அந்த ஆப்பில் இருக்கிறது. எங்கள் ஊரில் சில சமயம் டவர் கிடைக்காது, ஆகவே இது சின்ன விஷயமில்லை.

பதினைந்தில் பதினோரு நாள் உட்கார்ந்தாள். விட்டுப்போன நாலும் ஒரு கல்யாண வீட்டு ரவிக்கை அவசரத்தில். பதினாறாம் நாள் 899 கட்டினாள், தன் தையல் பணத்தில். புருஷன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருகிறவர். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாராம். அரிசி டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம். அவளுக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது, பதில் சொல்லவில்லை.

இப்போது ஆறாவது வாரம். குரூப் ஃபோரில் 200 கேள்வி, மூணு மணி நேரம். நூறு கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் புத்திக்கூர்மையும். தமிழில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். முதல் மாதிரிப் பரீட்சையில் தமிழில் 52 கேள்வி சரி, பொது அறிவில் 22, கணக்கில் நாலு. ஆக 78. தப்பானதையெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதி ஊசியால் தைத்துப் புத்தகம் மாதிரி வைத்திருக்கிறாள். போன ஞாயிறு தமிழில் 61, பொது அறிவில் 27. கணக்கில் அஞ்சு.

"மொத்தம் தொண்ணூத்திமூணு டீச்சரம்மா" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டாள். கிட்டே வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "கணக்கு மட்டும் அந்த ஆப்புல ஏறவே மாட்டேங்குது. அவங்க ஒரே ஸ்டெப்புல தாண்டிடறாங்க. எனக்கு நடுவுல மூணு ஸ்டெப்பு வேணும்."

"எந்த இடத்துல நிக்குது?" என்றேன்.

"பின்னத்துல. அஞ்சாவதுலயே எனக்கு அது வரலே. அப்ப யார்கிட்டயும் சொல்லலே."

வருகிற ஞாயிறு நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பெட்டியிலிருந்து என் பழைய சிலேட்டை எடுத்துத் துடைத்து வைத்தாயிற்று. மகனும் கூட வருகிறானாம், அவனுக்கும் அந்த இடத்தில்தான் தகராறு.

மாங்காய் வற்றல் அடுத்த இதழில், நிச்சயம்.